மலிவான குடிநீர்ச் சுத்திகரிப்பு: மணலா, மண்பானையா, விளக்கா, குளோரினா?

குடிநீரைச் சுத்தம் செய்ய ஒரு கருவியைத் தேடுகிறவர்கள் பொதுவாக இரண்டு கேள்விகள் கேட்பார்கள்: விலை என்ன, எத்தனை சதவீதம் கிருமி போகும்? இரண்டும் தேவையான கேள்விகள்தான். ஆனால் இவற்றுக்கு முன்னால் கேட்கவேண்டியது வேறொன்று: இது பழுதானால், பழுதாகிவிட்டது என்று வீட்டில் இருப்பவருக்குத் தெரியுமா? கெட்டுப்போய் மூலையில் கிடக்கும் கருவியால் பெரிய ஆபத்தில்லை. கெட்டுப்போனது தெரியாமல் தினமும் பயன்படுத்தப்படும் கருவிதான் பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறது.

கடந்த 50 ஆண்டுகளில் ஏழை வீடுகளுக்கென்று உருவான சுத்திகரிப்பு முறைகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கண்டுபிடிப்பாளரின் ஒரே ஒரு நுட்பமான யோசனை இருக்கிறது. அந்த யோசனைதான் கருவியை மலிவாக்கியது. அதில் கைவைத்தால் கருவி வெறும் பாத்திரமாகிவிடும். எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதை, அந்த நுட்பத்தை உங்களால் காப்பாற்ற முடியுமா என்பதோடு சேர்த்தே பார்க்கவேண்டும்.

முதலில் தண்ணீரைப் பாருங்கள்

தண்ணீரில் உள்ள கேடு இரண்டு வகை. வயிற்றுப்போக்கு, காலரா, டைபாய்டு போன்றவற்றைக் கொண்டுவரும் கிருமிகள் ஒரு வகை. ஆர்சனிக், ஃபுளோரைடு, நைட்ரேட், உப்பு போன்று கரைந்து கிடப்பவை இன்னொரு வகை. இங்கே ஒப்பிடும் மணல் வடிகட்டி, மண்பானை வடிகட்டி, புற ஊதா விளக்கு, குளோரின் நான்கும் கிருமிக்கானவை. ரசாயனம் இருக்கும் கிணற்றில் இவற்றை வைத்துப் பயனில்லை. கொதிக்கவைத்தாலும் ஆர்சனிக் போகாது; தண்ணீர் ஆவியாகக் குறையும்போது மிச்சத்தில் அதன் செறிவு கூடவே செய்யும்.

டி.டி.எஸ். மீட்டரை வைத்து முடிவெடுப்பவர்கள் நிறையப் பேர். அது தண்ணீரின் மின்கடத்தலை அளந்து, கரைந்த உப்புகளின் மொத்த எடையை மில்லிகிராம் கணக்கில் மதிப்பிட்டுச் சொல்லும் கருவி. உலக சுகாதார நிறுவனம் ஆர்சனிக்குக்குச் சொல்லும் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், அதாவது 0.01 மி.கி. அதைவிடப் பத்து மடங்கு இருந்தாலும் மீட்டரின் கடைசி இலக்கம்கூட அசையாது. கிருமிகள் அதற்குத் தெரியவே தெரியாது. உப்புக் கரிக்கிறதா என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. ஆழ்துளைக் கிணற்று நீரென்றால் ஆர்சனிக்கையும் ஃபுளோரைடையும் தனியாக ஒருமுறை ஆய்வகத்தில் பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு போகவேண்டும்.

அடுத்தது கலங்கல். இதற்குக் கருவி தேவையில்லை. நிறமில்லாத 2 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் நீரை நிரப்பி, செய்தித்தாளின் தலைப்பெழுத்தின் மேல் நிற்கவைத்து, வாய்வழியே கீழே பாருங்கள். எழுத்து தெரிந்தால் கலங்கல் ஏறக்குறைய 50 என்.டி.யு.வுக்குக் (கலங்கலை அளக்கும் அலகு) கீழே இருக்கிறது. மணல் வடிகட்டிக்கு அப்படியே ஊற்றலாம். தெரியாவிட்டால் எந்த முறையானாலும் முதலில் தெளியவைக்கவேண்டும்: ஓர் இரவு அசையாமல் வைத்து மேல்நீரை மட்டும் எடுக்கலாம், இல்லாவிட்டால் படிகாரம் போடலாம். புற ஊதா விளக்கு இதைவிடக் கறாரானது. 5 என்.டி.யு.வுக்குக் கீழே, அதாவது கண்ணுக்குக் கண்ணாடிபோல் தெரியும் நீர்தான் அதற்கு ஏற்றது.

மணல் வடிகட்டி: குழாயின் உயரம்தான் கண்டுபிடிப்பு

மணலில் மெதுவாக வடிப்பது புதிதல்ல. 1829இல் லண்டனின் செல்சி நீர் நிறுவனத்துக்காக ஜேம்ஸ் சிம்ப்சன் பெரிய மணல் படுகைகளை அமைத்தார். அவற்றில் மணலின் மேற்பரப்பில் நுண்ணுயிர்கள் சேர்ந்து ஒரு படலமாக வளரும். நோய்க்கிருமிகளைப் பிடிப்பதும் தின்பதும் பெரும்பாலும் அந்தப் படலம்தான். அது உயிரோடிருக்க நீரும் ஆக்சிஜனும் இடைவிடாமல் வரவேண்டும். நகரத்துக்கு அது சரி. காலையில் ஒரு குடம், மாலையில் ஒரு குடம் ஊற்றும் வீட்டில் மணல் காய்ந்தால் படலம் செத்துவிடும். நீர் ஆழமாக மேலே நின்றாலோ ஆக்சிஜன் போய்ச் சேராமல் மூச்சு முட்டிப்போகும்.

கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்துப் பொறியாளர் டேவிட் மான்ஸ் 1990களின் தொடக்கத்தில் இதற்குக் கண்ட வழி எளிமையானது. அடியிலிருந்து வரும் வெளியேற்றுக் குழாயை மேலே தூக்கி, அதன் வாய் மணல் மட்டத்தைவிடச் சுமார் 5 செ.மீ. உயரத்தில் இருக்கும்படி வைத்தார். ஊற்றிய நீர் வடிந்து நிற்கும்போது மணலின் மேல் எப்போதும் 5 செ.மீ. நீர் தங்கும். மணல் காயாது, அந்த மெல்லிய அடுக்கின் வழியே ஆக்சிஜனும் இறங்கும். வால்வு இல்லை, மின்சாரம் இல்லை, மாற்றவேண்டிய பாகமும் இல்லை. 2001இல் அவர் கமில் டோ பேக்கருடன் சேர்ந்து தொடங்கிய கால்கரி அமைப்பு இந்த வடிவமைப்பை யாரும் கட்டிக்கொள்ளும்படி கான்கிரீட் அச்சோடு பரப்பியது.

இப்போது பரவலாகக் கட்டப்படும் பத்தாம் வடிவத்தின் உள்ளமைப்பு இது. அடியில் 6 முதல் 12 மி.மீ. சரளை 5 செ.மீ.; அதன்மேல் 0.7 முதல் 6 மி.மீ. பொடிச்சரளை 5 செ.மீ.; அதன்மேல் 0.7 மி.மீ. சல்லடையில் விழுந்த மணல் சுமார் 54 செ.மீ. எல்லாவற்றுக்கும் மேலே 3 மி.மீ. துளைகள் போட்ட ஒரு தட்டு. ஊற்றும் நீர் நேராக மணலில் விழுந்து படலத்தைக் கிழிக்காமல் இருக்கத்தான் அந்தத் தட்டு. தட்டுக்கு மேலே 12 லிட்டர் கொள்ளும். மணல் துகள்களுக்கு இடையே தங்கும் நீரும் ஏறக்குறைய 12 லிட்டர்தான், அது தற்செயல் அல்ல. நீங்கள் ஒரு வாளி ஊற்றும்போது வெளியே வருவது முந்தைய வாளியின் நீர், மணலுக்குள் ஓய்வெடுத்துக் கிருமிகளை இழந்த நீர். அந்த ஓய்வு குறைந்தது ஒரு மணி நேரம் வேண்டும். 48 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, தாண்டினால் படலம் பட்டினி கிடந்து தேயும்.

இந்த வடிகட்டி தோற்கும் இடம் பெரும்பாலும் மணல். உடைகல் குவாரியின் பொடிமணல் நல்லது. ஆற்று மணலில் அழுகலும் கிருமியும் இருக்கும், கடற்கரை மணலில் உப்பு இருக்கும். சலித்த மணலை எவ்வளவு கழுவுவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஒரு கண்ணாடிச் சீசாவில் பாதி மணலும் மீதி நீரும் நிரப்பி, மூடி, நன்றாகக் குலுக்கிச் சட்டென்று கீழே வையுங்கள். மூன்று நான்கு நொடியில் மணலின் மேற்பரப்பு லேசான மங்கலுக்கு இடையே தெரியவேண்டும். தெரியவே இல்லையென்றால் இன்னும் கழுவவேண்டும். நீர் பளிச்சென்று தெளிந்திருந்தால் அளவுக்கு மீறிக் கழுவிவிட்டீர்கள். பொடித்துகள் எல்லாம் போய்விட்டது, நீர் வேகமாக ஓடிக் கிருமியை விட்டுவிடும். மணலைப் போடும்போது எப்போதும் பெட்டியில் முதலில் நீர், பிறகு மணல். காய்ந்த மணலைக் கொட்டி மேலே நீர் ஊற்றினால் காற்றுக் குமிழிகள் உள்ளே சிக்கி, ஓட்டம் தடைபடும்.

தயாரானதும் மேல்பகுதியை நிரப்பி, உடனே வெளியேற்றுக் குழாயின் வாயில் ஓர் அளவுக் குவளையைப் பிடியுங்கள். நிமிடத்துக்கு 0.4 லிட்டருக்கு மேல் வரக்கூடாது. வந்தால் மணல் பெருவட்டு. பிரித்துப் போடத்தான் வேண்டும், மேலே கொஞ்சம் நுண்மணல் தூவிச் சமாளிக்க முடியாது. நாளடைவில் 0.1 லிட்டருக்குக் கீழே குறைந்தால் அது நல்ல பழுது. தட்டை எடுத்துவிட்டு, நிற்கும் நீரை உள்ளங்கையால் மெதுவாகச் சுழற்றி, கலங்கிய நீரை மட்டும் முகந்து கொட்டி, மணலைச் சமப்படுத்தினால் ஓட்டம் திரும்பும். படலம் கொஞ்சம் கலைந்திருக்கும் என்பதால் சில நாட்களுக்குக் குளோரின் கட்டாயம்.

வெளியேற்றுக் குழாயில் தண்ணீர்ப் பைப் மாட்டவே கூடாது. பானைக்கு எட்டவில்லை என்று ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகிக் கீழே இறக்கினால், அது நீரை உறிஞ்சி இழுத்து நிற்கும் 5 செ.மீ. நீரையும் வடித்துவிடும். மணல் காயும், மான்ஸின் கண்டுபிடிப்பு அத்தோடு முடிந்தது. திருகுகுழாய் மாட்டி மூடிவைத்தால் எதிர்ப்பக்கச் சிக்கல்: மேலே நீர் தேங்கி ஆக்சிஜன் இறங்காது. இரண்டிலும் தண்ணீர் தெளிவாகத்தான் வந்துகொண்டிருக்கும்.

பலன்? படலம் முற்ற 30 நாள் வரை ஆகும். அதன் பிறகு களச் சோதனைகளில் பாக்டீரியா சுமார் 88 முதல் 98.5 சதவீதம் குறைந்திருக்கிறது. ஒருசெல் ஒட்டுண்ணிகளும் புழு முட்டைகளும் ஏறக்குறைய முழுக்கப் போகும். வைரஸ் விஷயத்தில் நம்பமுடியாது. 98 சதவீதம் என்பது காதுக்கு இனிமையாக இருக்கும். 100 மி.லி.யில் ஆயிரம் மலக்கிருமி இருந்தால் 20 மிஞ்சும் என்று கணக்குப்போட்டால், உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பூஜ்யத்துக்கு அது எட்டவில்லை என்பது தெரியும். மணல் வடிகட்டிக்குப் பின்னால் குளோரின் போடுவது அதனால்தான். முன்னால் போட்டால் படலம் செத்துவிடும்.

மண்பானை: எரிந்துபோன மரத்தூளின் இடைவெளி

குவாத்தமாலாவின் வேதியியலாளர் ஃபெர்னாண்டோ மசாரியேகோஸ் 1981இல் உருவாக்கியது, குயவர் சூளையிலேயே செய்யக்கூடிய வடிகட்டி. களிமண்ணோடு நன்றாகச் சலித்த மரத்தூளையோ உமியையோ பிசைந்து, பூந்தொட்டி வடிவில் அழுத்திச் சுடுவது. தூள் எரிந்துபோன இடமெல்லாம் நுண்துளையாகும். துளைகள் சுமார் ஒரு மைக்ரான் அளவில் அமைய வேண்டும் என்பது குறிக்கோள். சுட்ட பானைக்குக் கூழ்ம வெள்ளி பூசப்படும். அது சுவரில் கிருமி வளராமல் பார்த்துக்கொள்ளும். 1998இல் மிட்ச் புயல் நிகரகுவாவைச் சிதைத்தபின் மண்பாண்டக் கலைஞர் ரான் ரிவேரா இந்த வடிவமைப்பை எடுத்து, லாரி ஜாக்கியை வைத்து அழுத்தும் அச்சாக ஒழுங்குபடுத்தினார். காப்புரிமை எடுக்காமல் நாடு நாடாகச் சென்று பட்டறைகள் அமைத்துக் கொடுத்தார்.

இதில் தரம் முழுக்கவும் பட்டறையின் கையில். தூள் பெருவட்டானாலோ சூட்டில் ஏற்றத்தாழ்வு வந்தாலோ துளைகள் பெரிதாகும். ஒழுங்கான பட்டறையில் ஒவ்வொரு பானையையும் ஒரு நாள் ஊறவைத்து, நிரப்பி, முதல் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளப்பார்கள். மணிக்கு ஒன்று முதல் மூன்று லிட்டர் வரை ஏற்பார்கள்; அதற்கு மேல் போனால் உடைத்துவிட வேண்டும். வாங்கும்போது இந்தச் சோதனை நடந்ததா என்று கேளுங்கள், "மாதிரிக்கு ஒன்றிரண்டு பார்த்தோம்" என்றால் வாங்காதீர்கள். கையில் எடுத்துத் தட்டினால் கணீரென்று ஒலிக்கவேண்டும். மந்தமான சத்தம் வந்தால் விரிசல். வீட்டில் நிரப்பிய பானையைத் தூக்கிப் பார்த்தால் அடிப்புறம் முழுக்க ஒரே மாதிரி வியர்த்திருக்கவேண்டும். ஒரே கோட்டில் நீர் வழிந்தால் அந்தப் பானையின் காலம் முடிந்தது.

பயன்பாட்டில் வரும் பெரிய தவறு கழுவும்போது நிகழ்கிறது. இந்தப் பானையின் உட்புறம் அழுக்குப் பக்கம், வெளிப்புறம் சுத்தமான பக்கம். நாம் பழகிய பாத்திரங்களுக்கு நேர்மாறு. உட்புறத்தைத் துலக்கும்போது பானையைத் தரையில் வைத்தாலோ வெளிப்புறத்தைக் கையால் பிடித்தாலோ, அந்த அழுக்கு நேராக வடிந்த நீரில் சேரும். விளிம்பை மட்டும் பிடித்துத் தூக்கி, சுத்தமான தட்டில் வைத்து, பிரஷ்ஷால் உட்புறத்தைத் தேய்த்து, வடிகட்டிய நீரால் அலசினால் போதும். சோப்பு கூடாது, துளைகளில் தங்கிவிடும். கீழ்ப்பாத்திரத்துக்கும் அதன் திருகுகுழாய்க்கும் சோப்பு கட்டாயம்.

கம்போடியாவில் நடந்த கள ஆய்வு ஒன்று, பானைகளில் மாதம் ஏறக்குறைய 2 சதவீதம் பயன்பாட்டிலிருந்து விழுந்துகொண்டே போவதாகவும் உடைவதே முதன்மைக் காரணம் என்றும் காட்டியது. வேலை செய்யவில்லை என்று யாரும் பெரிதாகக் கைவிடவில்லை. எனவே இதைத் தேர்ந்தெடுக்கும்போது மாற்றுப்பானை அருகில் கிடைக்குமா என்பதுதான் கேள்வி. கிடைக்காத ஊருக்கு ஒரே ஒரு முறை லாரியில் கொண்டுபோய் இறக்குவது வீண்.

விளக்கு: நீருக்கு மேலே தொங்கும் குழல்

1992இன் இறுதியில் வங்கத்திலும் தென்னிந்தியாவிலும் காலராவின் புதிய வகை, ஓ139, பரவத் தொடங்கியது. மும்பையில் பிறந்து அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் பணிபுரிந்த இயற்பியலாளர் அசோக் காட்கில் அதைத் தொடர்ந்து உருவாக்கியதுதான் 'யூ.வி. வாட்டர்வொர்க்ஸ்'. புற ஊதா ஒளியால் கிருமியைச் செயலிழக்கச் செய்வது ஏற்கனவே இருந்த முறை. பழைய கருவிகளில் விளக்கு நீருக்குள் ஒரு குவார்ட்ஸ் உறைக்குள் இருக்கும். உறைமேல் சுண்ணாம்பும் பாசியும் படிந்து ஒளியை மறைக்கும், யாராவது அடிக்கடி துடைக்கவேண்டும். காட்கில் விளக்கை நீருக்கு வெளியே எடுத்து, சாய்வான தட்டில் மெல்லிய அடுக்காக ஓடும் நீருக்கு மேலே தொங்கவிட்டார். அழுத்தம் தேவையில்லை, உறை இல்லை, படிவும் இல்லை.

அந்தக் கருவி சுமார் 60 வாட் மின்சாரத்தில் நிமிடத்துக்கு 15 லிட்டர் தந்தது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: ஒரு லிட்டருக்கு 240 ஜூல். அதே லிட்டரை 25 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக 3,14,000 ஜூல் வேண்டும். விறகடுப்பில் வெப்பத்தில் 15 சதவீதம்தான் பாத்திரத்துக்குள் போகிறது என்று எடுத்துக்கொண்டால், 20 லிட்டர் கொதிக்க இரண்டரைக் கிலோவுக்கு மேல் விறகு எரியும். தினமும் விறகு சுமக்கும் பெண்ணிடம் "கொதிக்கவைத்துக் குடியுங்கள்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது நியாயமே இல்லை.

பலமும் அதிகம். 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா ஒளி கிருமியின் டி.என்.ஏ.வைக் குலைத்து, பெருகவிடாமல் செய்கிறது. குளோரினுக்கு அசைந்துகொடுக்காத கிரிப்டோஸ்போரிடியம் என்ற வயிற்றுப்போக்கு ஒட்டுண்ணி இதற்குச் சுலபமாக அடங்கும். வழக்கமான அளவான ச.செ.மீ.க்கு 40 மில்லிஜூல் பாக்டீரியாவுக்கும் பெரும்பாலான வைரஸுக்கும் போதும்; அடினோவைரஸ் மட்டும் அதைவிடப் பல மடங்கு தாங்கும்.

ஆனாலும் தனி வீட்டுக்கு இதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை, காரணம் முதலில் கேட்ட கேள்விதான். விளக்கு பழசாகும்போது நீலநிற வெளிச்சம் அப்படியே இருக்கும், கண்ணுக்குத் தெரியாத 254 நானோமீட்டர் ஒளி மட்டும் குறைந்துகொண்டே வரும். 8,000 முதல் 9,000 மணி நேரத்தில், அதாவது இடைவிடாமல் ஓடினால் ஓராண்டில் மாற்றவேண்டும், எரிந்துகொண்டிருந்தாலும். மணிக்கணக்கைக் காட்டும் மீட்டர் இல்லாத கருவியில் யாரும் நினைவு வைத்து மாற்றுவதில்லை. கண்ணாடிபோல் தெளிந்த நீரிலும் கரைந்த இரும்போ இலைதழைச் சாயமோ இருந்தால் ஒளியை விழுங்கிவிடும். மின்னழுத்தம் ஏறி இறங்கும் இடத்தில் சோக்கு முதலில் போகும். அப்போது நீர் தானாக நிற்கும்படி ஒரு மின்வால்வு இல்லையென்றால் சுத்தமாகாத நீர் தொடர்ந்து வரும். மூடியைத் திறந்தால் விளக்கு அணையும் சுவிட்சும் அவசியம், அந்த ஒளி கண்ணையும் தோலையும் கருக்கும்.

அதேசமயம், சம்பளம் வாங்கும் ஒரு பொறுப்பாளரும் பதிவேடும் உள்ள இடத்தில் இதற்கு நிகர் கிடையாது. நாளில் 12 மணி நேரம் ஓடினால் 10,800 லிட்டர். ஆளுக்கு 10 லிட்டர் என்றால் ஆயிரம் பேருக்கு மேல். பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் ஊர்ப்பொதுக் குழாய்க்கும் ஏற்றது.

குளோரின்: மூக்கே மீட்டர்

நான்கில் இதுதான் மிக மலிவானது, அதோடு மருந்தின் மிச்சம் நீரில் தங்கி மறுபடி கிருமி சேராமல் காப்பதும் இது ஒன்றுதான். மணலும் பானையும் விளக்கும் தரும் நீர், அழுக்குக் கை பட்ட அடுத்த நிமிடமே கெட்டுப்போகலாம்.

தெளிந்த நீருக்கு லிட்டருக்கு 2 மி.கி., கலங்கியதற்கு 4 மி.கி. வாசனையோ சோப்போ கலக்காத 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் திரவத்தில் ஒரு மி.லி.யில் சுமார் 50 மி.கி. குளோரின் இருக்கும். 20 லிட்டர் குடத்துக்கு 40 மி.கி., அதாவது 0.8 மி.லி.; துளிமருந்துக் குப்பியால் ஏறக்குறைய 16 துளி. பிளீச்சிங் பவுடர்தான் கிடைக்கிறது என்றால், புதிதாக இருந்தால் அதில் மூன்றில் ஒரு பங்கு குளோரின். 30 கிராமை ஒரு லிட்டர் நீரில் கரைத்துத் தெளியவிட்டால் ஒரு சதவீதக் கரைசல். தெளிவை மட்டும் எடுத்து 20 லிட்டருக்கு 4 மி.லி. அந்தக் கரைசலை ஒரு வாரத்துக்கு மேல் வைக்கவேண்டாம், நிழலில் மூடி வையுங்கள்.

போட்டு 30 நிமிடம் கழித்து லேசாக வாடை வரவேண்டும். வரவில்லையென்றால் நீரில் உள்ள அழுக்கே குளோரினைத் தின்றுவிட்டது, அல்லது மருந்து பழசு. அதே அளவை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள்; அப்போதும் வாடை இல்லாவிட்டால் அந்த நீரையோ அந்த மருந்தையோ நம்பவேண்டாம். சோதனைத் தாள் இருந்தால் 0.2 முதல் 0.5 மி.கி. மிச்சம் காட்டவேண்டும். வேறெந்த முறையிலும் பழுதை இவ்வளவு எளிதாகக் கண்டுபிடிக்க முடியாது. மக்கள் இதைக் கைவிடுவதும் அந்த வாடையால்தான். அளவைச் சரியாகப் போட்டு, மூடிய பாத்திரத்தில் இரவு முழுக்க வைத்துக் காலையில் குடித்தால் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளக்கூடிய அளவுக்குக் குறைந்துவிடும்.

சேறாக வரும் வெள்ள நீருக்கு பி அண்ட் ஜி நிறுவனம் உருவாக்கிய 4 கிராம் பொட்டலம் தனி ரகம்: ஃபெரிக் சல்ஃபேட்டும் கால்சியம் ஹைப்போகுளோரைட்டும் சேர்ந்தது. 10 லிட்டரில் போட்டு 5 நிமிடம் கலக்கி, அழுக்கு திரண்டு படிந்தபின் பருத்தித் துணியில் வடித்து, 20 நிமிடம் பொறுத்தால் குடிக்கலாம். பேரிடர் நாட்களுக்கு இதைவிட நல்லது இல்லை, அன்றாடத்துக்குச் செலவு கட்டாது.

வெயில் முறையையும் சொல்லவேண்டும். பெய்ரூட்டின் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் அஃப்திம் அக்ரா 1980களில் நிறுவியது: நிறமில்லாத பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டிலில் தெளிந்த நீரை நிரப்பி நல்ல வெயிலில் 6 மணி நேரம், பாதிக்குமேல் மேகமென்றால் இரண்டு நாள். இரண்டு லிட்டருக்கு மேற்பட்ட பாட்டில் கூடாது. கையில் காசே இல்லாதபோது இது பிள்ளைகளைக் காக்கும். ஆனால் ஐந்து பேர் வீட்டுக்குத் தினமும் பத்துப் பன்னிரண்டு பாட்டிலை அடுக்கி எடுக்கும் வேலையை மாதக்கணக்கில் செய்பவர் அரிது.

ரசாயனம் இருந்தால்

ஆர்சனிக்குக்குத் துருப்பிடிக்கும் இரும்புதான் மலிவான மருந்து. துருவில் ஆர்சனிக் ஒட்டிக்கொள்ளும். வங்கதேசத்தில் பிறந்த வேதியியலாளர் அபுல் ஹுஸ்ஸாம் இரும்புக் கலவையையும் மணலையும் கரியையும் அடுக்கிச் செய்த சோனோ வடிகட்டி 2007இல் அமெரிக்கப் பொறியியல் அகாதமியின் கிரெய்ஞ்சர் பரிசு பெற்றது. நேபாளத்துக்காக அமெரிக்காவின் எம்.ஐ.டி.யின் சூசன் மர்காட் குழு செய்தது இன்னும் எளியது: மான்ஸின் மணல் வடிகட்டியின் மேல்தட்டில் 5 கிலோ இரும்பாணி, அதன்மேல் செங்கல் சில்லு. துத்தநாகம் பூசிய ஆணியை வாங்கிப் போட்டுவிட்டால் துருப்பிடிக்காது, ஆர்சனிக்கும் போகாது. நீரில் பாஸ்பேட் அதிகமென்றால் துருவில் அது இடத்தைப் பிடித்துக்கொள்ளும், அப்போது பலன் குறையும். ஃபுளோரைடுக்கு எலும்புக்கரியோ ஆக்டிவேட்டட் அலுமினாவோ வேண்டும். இரண்டும் ஃபுளோரைடால் நிறைந்துபோனால் சுவையும் நிறமும் மாறாது என்பதால், அளந்து பார்த்து மாற்ற ஆளில்லாத இடத்தில் வைப்பது வீண். மழைநீரையோ வேறு கிணற்றையோ தேடுவது பல இடங்களில் மேலான வழி. ஆர்.ஓ. இவை அனைத்தையும் குறைக்கும். ஆனால் வீட்டுக் கருவிகள் பெரும்பாலும் ஒரு லிட்டர் தர மூன்று லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்பும். உப்புநீருக்கு மட்டும் அந்த விலை தகும்.

எதைத் தேர்ந்தெடுப்பது

தெளிந்த கிணற்று நீர், கிருமி மட்டும் பிரச்சினை என்றால் குளோரின் மட்டும் போதும்; மேலே எதையும் வாங்கவேண்டாம். ஆறு, குளம் என்று கலங்கலாக வரும் நீர், சொந்த வீடு, ஒரே நீர்மூலம் என்றால் மணல் வடிகட்டியும் அதன்பின் குளோரினும். கான்கிரீட் பெட்டி மணலோடு ஆளுயரக் கல்போல் கனக்கும், வைத்த இடத்தைவிட்டு நகர்த்தக்கூடாது. நகர்த்தினால் மணல் இறுகி ஓட்டம் மாறும். ஆகவே வாடகை வீட்டில் இருப்பவர்கள், அடிக்கடி இடம்பெயர்பவர்கள், குளோரின் வாடையை எவ்வகையிலும் ஏற்காதவர்கள் மண்பானை பக்கம் போகலாம், பட்டறை எட்டும் தூரத்தில் இருந்தால். நோயெதிர்ப்புக் குறைந்தவரோ கைக்குழந்தையோ வீட்டில் இருந்தால் அவர்களுடைய பங்கை மட்டுமாவது கொதிக்கவையுங்கள். நன்றாகக் குமிழி வரும்வரை கொதித்தால் போதும், பத்து நிமிடம் விறகை எரிக்கத் தேவையில்லை.

எந்த முறையானாலும் சேமிக்கும் பாத்திரம் குறுகிய வாயும் மூடியும் திருகுகுழாயும் உள்ளதாக இருக்கட்டும். சொம்பை உள்ளே விட்டு முகக்கும் பழக்கம் ஒரு நாளின் வேலையை ஒரு நொடியில் கெடுத்துவிடும்.

பழுதைக் கண்டுபிடிக்க மலிவான சோதனை ஒன்று இருக்கிறது. 1982இல் மஞ்சா உள்ளிட்ட இந்திய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஹைட்ரஜன் சல்ஃபைடு சோதனை அது: மருந்து தோய்த்த காகிதம் உள்ள சிறு குப்பியில் நீரை நிரப்பி, அறை வெப்பத்தில் ஒன்றிரண்டு நாள் வைத்தால், மலக்கலப்பு இருந்தால் கறுக்கும். கந்தக வாடை இயற்கையாகவே உள்ள நிலத்தடி நீரில் மட்டும் இது ஏமாற்றும். கருவி வைத்து ஒரு மாதம் கழித்தும், பிறகு ஒவ்வொரு மழைக்காலத் தொடக்கத்திலும் மூன்று குப்பி எடுங்கள்: ஒன்றில் மூலநீர், ஒன்றில் கருவியின் வாயிலிருந்து நேராகப் பிடித்தது, ஒன்றில் குடிக்கும் பானையின் நீர். முதலாவது கறுத்து மற்ற இரண்டும் கறுக்காவிட்டால் எல்லாம் சரி. பானைக்குப்பி மட்டும் கறுத்தால் கருவியில் குறையில்லை, பானையைத் தேய்த்துக் கழுவிக் குளோரின் போடுங்கள். கருவியின் குப்பியும் கறுத்தால் மணலென்றால் ஓட்டத்தையும் நிற்கும் நீரின் உயரத்தையும், பானையென்றால் விரிசலையும், விளக்கென்றால் ஓடிய மணிக்கணக்கையும் பாருங்கள். சரியாகும்வரை வீட்டில் எல்லோருக்கும் கொதித்த நீர். சோதித்த குப்பிகளில் கொஞ்சம் பிளீச் ஊற்றி ஒரு மணி நேரம் வைத்தபின், குழந்தைகள் கை படாத இடத்தில் கொட்டுங்கள்.